டைட்டானியம் அக்கா

எங்கள் டாக்டரின் மேசை மேல் ஒரு கோப்பை இருந்தது. பல் மருத்துவர்களுக்கான கிரிக்கெட் போட்டியில் ஜெயித்தது, தங்க நிறத்தில் தகதகவென்று இருக்கும். வேலை கேட்டு வந்த அன்று அக்காவின் கண் முதலில் அதன் மேல்தான் போனது. டாக்டர் அவருடைய சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அக்கா இடுப்புச் சாவிக்கொத்தில் தொங்கிய ஊசியை எடுத்து, அதன் மூடியைக் கழற்றி, கோப்பையின் அடியில் ஒரு கோடு இழுத்தார். தங்கம் சுருண்டுகொண்டு வந்தது. உள்ளே வேறு ஏதோ கறுப்பாகத் தெரிந்தது.

"பித்தளைகூட இல்லீங்க டாக்டர். பிளாஸ்டிக்கு" என்றார்.

நான் தண்ணீர் டம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்தேன். இந்த அம்மாளுக்கு வேலை கிடைத்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் கோப்பையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"எனக்கும் ரொம்ப நாளா டவுட்டுதாம்மா. நாளைக்கே வந்துடுங்க."

இப்படித்தான் அக்கா எங்களிடம் வந்து சேர்ந்தார். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் போகிற வழியில் கீழே டாக்டரின் கிளினிக், மாடியில் பல் செட் செய்யும் லேப். லேப் என்றால் மூன்று மேசை, ஓர் உலை, ஒரு வார்ப்பு இயந்திரம், கூடவே நான். எனக்கு மெழுகு வேலை. பல் செட்டுக்குள் வரும் உலோகச் சட்டத்தை முதலில் மெழுகில் செய்வேன். அதைச் சுற்றி, சூடு தாங்கும் மாவைக் கரைத்து ஊற்றி அச்சாக்குவோம். உலையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்தக் காலி இடத்தில் உலோகத்தை ஊற்றினால் சட்டம் கிடைக்கும். என் மெழுகைப் பார்த்தவர்கள் யாரும் ஒரு குறை சொன்னது கிடையாது. கொடி மாதிரி மெலிசாக, நறுவிசாக இழுப்பேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை, பின்னால் வெட்கப்பட வேண்டிய இடம் தனியாக இருக்கிறது.

வழக்கமான உலோகம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வாயெல்லாம் கொப்புளம் போட்டுவிடும். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் டாக்டர் டைட்டானியம் வார்க்கும் இயந்திரத்தை வாங்கினார். வாங்கிய பிறகுதான் அதை ஓட்டத் தெரிந்த ஆள் இந்தப் பக்கத்திலேயே இல்லை என்று தெரிந்தது. சென்னையில் ஒரு பெரிய லேபில் பத்து வருடம் டைட்டானியத்தோடு மல்லுக்கட்டிவிட்டுச் சொந்த ஊரான போளூருக்கே திரும்பி வந்திருந்த அக்கா, தினமும் பஸ் பிடித்து எங்களிடம் வர ஆரம்பித்தார். முதல் வாரத்திலேயே பெயர் விழுந்துவிட்டது. பஸ் கண்டக்டர்கூட "டைட்டானியம் அக்கா, வேங்கிக்கால் வந்துடுச்சு" என்றுதான் எழுப்புவார்.

டைட்டானியம் குளிர்ந்திருக்கும்போது பரம சாது. உருகிவிட்டால் கண்மண் தெரியாது. காற்றில் இருப்பது, அச்சு மாவில் இருப்பது என்று எட்டியதையெல்லாம் இழுத்துத் தன் மேல் ஏற்றிக்கொள்ளும். ஆறி வெளியே வரும்போது அதன் மேல் ஒரு படலம் இருக்கும். புத்தகத்தில் அதற்கு ஆல்ஃபா கேஸ் என்று பெயர். அக்காவுக்கு அது தோல். காகிதத்தின் கனம்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கிற உலோகத்தைவிடக் கெட்டி. கெட்டி என்றால் நல்லதுதானே என்று நான் கேட்டேன்.

"அப்பளமும்தான் வெறப்பா இருக்குது. வளைச்சுப் பாரேன்" என்றார் அக்கா.

அவ்வளவுதான் விஷயம். வளையும்போது முதலில் தோல் விரிசல் விடும், அந்த விரிசல் அப்படியே உள்ளே இறங்கிவிடும். இதில் மோசம் என்னவென்றால் தோல் கண்ணுக்குத் தெரியாது. மணலடித்து மெருகேற்றிவிட்டால் தோல் உள்ளதும் உரித்ததும் ஒன்றுபோலவே மின்னும். அக்காவின் ஊசிக்கு மட்டும்தான் தெரியும். தோல் மேல் அது வழுக்கிக்கொண்டு போகும். தோல் போன இடத்தில் கோடு விழும். வழுக்கினால் "தோல் இருக்குது" என்பார். விழுந்தால் "விழுது" என்பார். நாள் முழுக்க அவர் வாயிலிருந்து வரும் சொற்களில் பாதி இவை இரண்டும்தான்.

தோலை உரிப்பது அமிலத்தில். இரண்டு அமிலங்களைக் கலந்த கலவை. ஒரு சொட்டு கையில் பட்டால் எலும்பு வரைக்கும் போய்விடும் என்று டாக்டர் எங்களை நடுங்க வைத்திருந்தார். அக்கா அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார். முழங்கை வரை கையுறை, முகக் கவசம், பக்கத்தில் மூடியைத் திறந்து வைத்த களிம்பு டியூப், தலைக்கு மேல் காற்றை இழுக்கும் விசிறி. இத்தனையும் சரியாக இருந்தால்தான் கிட்டே போவார். அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால் உள்ளேயிருந்து குரல் வரும்.

"மாமியார்கூட இருக்கேன், அப்புறமா வா."

ஒருமுறை டாக்டரின் நிஜ மாமியாரே பல் வலி என்று வந்திருந்தார். அவர் காதில் இது விழுந்துவிட்டது. தன்னை யார் கேலி செய்கிறார்கள் என்று மாடி ஏறி வந்து பார்த்தார். அக்கா கவசத்தைக் கழற்றிவிட்டு முழு விளக்கமும் கொடுத்தார். "மரியாதையா நடந்துக்கிட்டா ஒண்ணும் பண்ணாதுங்க. அசால்ட்டா இருந்தா எலும்பையே எடுத்துடும். அதான் அந்தப் பேரு." அந்த அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தார். பேர் சரிதான் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இந்த உரிக்கிற பழக்கம் லேபோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அக்காவுக்கு எதன் மேலும் மேலே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் பொறுக்காது. டீ வந்தால் ஆடையை எடுப்பார். புது டப்பா வந்தால் விலைச் சீட்டை உரிப்பார், பசை போகிற வரை நகத்தால் சுரண்டுவார். டாக்டர் புதுக் கார் வாங்கி எட்டு மாதம் ஆகியும் சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. கோடையில் அதில் உட்கார்ந்தால் வேட்டி கட்டியவர்கூட ஒட்டிக்கொள்வார். ஒரு நாள் மதியம் டாக்டர் ஒரு நோயாளியின் கடைவாய்ப் பல்லோடு போராடிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அக்கா கீழே போய் நான்கு சீட்டையும் உரித்துவிட்டார். சாயங்காலம் டாக்டர் கார் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாங்க இது? புதுசு போச்சே!"

"இப்பதாங்க டாக்டர் புதுசு. இத்தன நாளா கவருலதான் உக்காந்திருந்தீங்க."

ஒரு வாரம் டாக்டர் அவரோடு சரியாகப் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் தானாகவே வந்து, முதுகு வேர்ப்பது கம்மியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் கல்யாணத்திலும் அக்காவின் கை இருக்கிறது. எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. கலெக்டர் ஆபீசில் வேலை செய்யும் ஒருவர் வீட்டாரோடு வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார். காரம் போதுமா என்றாலும் சரிங்க, ஜாதகம் பொருந்துகிறதா என்றாலும் சரிங்க, மின்விசிறியை நிறுத்தட்டுமா என்றாலும் சரிங்க. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போனது, என்ன அடக்கம் என்று. எனக்கு மட்டும் ஒரு சுவரைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. மறுநாள் அக்காவிடம் சொன்னேன்.

"தோல் ஜாஸ்தியா இருக்குதும்மா. கிரிவலம் கூட்டிட்டுப் போ. பதினாலு கிலோமீட்டர் வெறுங்கால்ல நடந்தா யாருக்கும் நிக்காது" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இரண்டு குடும்பமும் மலையைச் சுற்றக் கிளம்பினோம். அக்காவும் வந்தார். முதல் மூன்று கிலோமீட்டர் மாப்பிள்ளை சரிங்க சரிங்க என்றே நடந்தார். அடி அண்ணாமலை வருவதற்குள் அவருக்கு உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. சாலையோரம் தொப்பென்று உட்கார்ந்தார். "எவங்க கண்டுபிடிச்சான் இந்த வெறுங்காலு? எனக்கு நடக்கறதே புடிக்காதுங்க. உப்புமாவும் புடிக்காது, அதையும் இப்பவே சொல்லிடறேன்" என்றார். அவருடைய அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்தார், காலைப் பிடித்துக்கொண்டே. பிறகு எழுந்து, யாரும் கேட்காமலே என் அம்மாவின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தார். அக்கா என் காதருகே வந்தார்.

"விழுதுடி" என்றார்.

இன்றைக்கும் என் வீட்டுக்காரர் எதற்காவது சரிங்க என்று சொன்னால், கிரிவலம் போகலாமா என்று கேட்பேன். உடனே உண்மையைச் சொல்லிவிடுவார்.

இனி நான் வெட்கப்பட வேண்டிய இடம்.

எங்கள் ஊரில் பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் கூடுகிற கூட்டத்தில் ஆளை ஆள் தவறவிடுவது சகஜம். தேரடி வீதிப் பக்கம் ஓர் அறிவிப்புப் பந்தல் போட்டிருப்பார்கள். தவறிப் போனவர்கள் அங்கே வந்து உட்காருவார்கள், மைக்கில் கூப்பிட்டுச் சேர்த்து வைப்பார்கள். அந்தக் குரல் ஒரு மைக் செட் கடைக்காரருடையது. ஊருக்கே அவர் மைக் செட் அண்ணன். பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிற ஆள் இல்லை அவர். "பச்சைச் சட்டை, ஒரு காலில் செருப்பு இல்லை, கையில் பாதி கடித்த சோளம்" என்று சொல்வார். கேட்கிறவர்களுக்கு அந்த ஆள் கண்முன் வந்து நின்றுவிடுவார். பக்கத்தில் இருப்பவர்களே கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடுவார்கள்.

அந்த வருடம் கார்த்திகை பிறப்பதற்கு முன்னால் அவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மேல்வரிசையில் முன்பற்கள் நான்கைப் பறிகொடுத்தார். சாதாரண உலோகத்தில் செட் செய்து கொடுத்தோம். மூன்றாம் நாள் வாயெல்லாம் புண்ணோடு வந்து நின்றார். டைட்டானியம்தான் வழி. தீபத்துக்குப் பத்து நாள் இருந்தது. கையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினார்.

"பல்லு இல்லாம பேசினா காத்துதாம்மா வருது. இந்தத் தடவ ரெக்கார்டு பண்ணின குரலப் போட்டுக்கலாம்னு பேசிக்கறாங்க. ரெக்கார்டுக்கு எப்பிடிம்மா தெரியும், சோளம் தின்னுனு இருக்கறது யாருன்னு? ஒரு வருஷம் உட்டா அந்த மைக்கு என் கைக்குத் திரும்பி வராது."

அண்ணனின் சட்டத்துக்கு மெழுகு செய்தவள் நான். டைட்டானியத்துக்கு மெழுகு செய்யும்போது கனமாகச் செய்ய வேண்டும். அமிலத்தில் தோல் கரைந்து போகும் அளவுக்குச் சேர்த்து வைக்க வேண்டும். இது எனக்குத் தெரியும், அக்கா நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் கை பழகிப் போனது வேறு உலோகத்துக்கு. பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி இரண்டையும் என் வழக்கப்படி கொடி மாதிரி இழுத்துவிட்டேன். என்ன அழகு என்று நானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். வார்ப்பு முடிந்து, மணலடித்து, அமிலத்தில் போட வேண்டிய நேரத்தில்தான் உறைத்தது. தோலை உரித்தால் கொக்கியில் கம்பி மாதிரி ஏதோ மிஞ்சும். அது எந்தப் பல்லையும் பிடிக்காது.

அன்று அக்கா போளூரில் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தார். தீபத்துக்கு மூன்றே நாள். நான் சட்டத்தை மாமியாரிடம் அனுப்பவில்லை. அப்படியே மெருகேற்றி, பல் வைத்து, கீழே டாக்டரிடம் கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன். உரித்தாயிற்றா என்று டாக்டர் கேட்டார். ஆச்சுங்க என்றேன்.

அண்ணன் வாயில் அது கிளிக்கென்று உட்கார்ந்தது. இம்மிகூட அசையவில்லை. டாக்டர் ஏதாவது பேசிப் பாருங்கள் என்றார். அண்ணன் கண்ணாடியைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "செங்கத்திலிருந்து வந்திருக்கும் சிவப்புச் சேலை அம்மா, உங்கள் கணவர் இங்கே பொரி தின்றுகொண்டிருக்கிறார்" என்றார், கணீரென்று. பிறகு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார், கண்ணில் நீர் முட்டியது. அந்த நிமிடம் நான் செய்தது தப்பே இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஒரு தீபம் தாங்கினால் போதாதா? அப்புறம் மெதுவாக வேறு செய்து மாற்றிக் கொடுத்துவிடலாம்.

கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தார். கையில் சீமந்தத்துத் தாம்பூலப் பை. தலையில் பூ. சீக்கிரம் கிளம்பி வந்துவிட்டாராம், அண்ணன் செட்டு என்ன ஆச்சோ என்று. அண்ணனைக் கழற்றச் சொல்லி செட்டை வாங்கிப் பார்த்தார். சாவிக்கொத்தை எடுத்தார். ஊசி கொக்கியின் மேல் போன சத்தமே எனக்குப் போதுமாக இருந்தது, வழுக்கிக்கொண்டு போனது. அக்கா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தோல் இருக்குது."

"கச்சிதமா இருக்குதுங்க, உட்டுடுங்க" என்றார் அண்ணன், வாயைப் பொத்திக்கொண்டு. "தீபம் முடிஞ்சு எடுத்துனு வந்து தரேன், அப்புறம் எத வேணா உரிச்சுக்குங்க."

"ஒரு நாள்தானேம்மா" என்றார் டாக்டரும்.

அக்கா கொக்கியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக வளைத்தார். செட்டைக் கழற்றி மாட்டும்போது எவ்வளவு வளையுமோ அவ்வளவுதான். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. டிக் என்றது. கொக்கி ஒடிந்து தரையில் விழுந்து நாற்காலிக்கு அடியில் உருண்டு போனது.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தவர் நிமிரவே இல்லை. எனக்கு அக்காவின் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சும்மா இருந்த கொக்கி அது, இவர் கை வைத்ததால்தான் ஒடிந்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"மைக்கு முன்னாடி ஒடிஞ்சிருந்தா முழுங்கியிருப்பீங்கண்ணா" என்றார் அக்கா. "தப்பு எங்க லேபோடது. தீபத்தன்னிக்கு நாலு மணிக்குள்ள உங்க பந்தலுக்கே எடுத்துனு வந்து தரோம். என் பொறுப்பு."

மாடிக்குப் போனதும் நான் எதையும் மறைக்கவில்லை. அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். அக்கா தலையிலிருந்த பூவை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"கொக்கியப் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. உன் மெழுகு எப்பவும் அழகா இருக்கும். அதாம்மா வம்பு. ஒக்காரு. இப்ப அசிங்கமா ஒண்ணு செய்யி."

உட்கார்ந்தேன். கொக்கியைக் கொஞ்சம் தடியாகச் செய்தேன். அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னும் அசிங்கமா." இன்னும் மெழுகு சேர்த்தேன். "ஐய, இதெல்லாம் ஒரு அசிங்கமா? கூச்சப்படாதே." கடைசியில் கொழுத்த கம்பளிப்பூச்சி இரண்டைச் சட்டத்தில் ஒட்டி வைத்த மாதிரி ஆனது. எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. அழுத கண்ணோடு சிரித்துவிட்டேன். "தோ, இதான்" என்று அக்கா அதைக் கையில் வாங்கிக்கொண்டார்.

அச்சு ஒரு நாள் உலையில் இருந்தது. மறுநாள் வார்த்தோம். மாமியாரிடம் அக்கா இரண்டு மூன்று தடவை போய் வந்தார், ஒவ்வொரு தடவையும் கழுவி, அளந்து, ஊசியால் கீறிப் பார்த்து. கம்பளிப்பூச்சி இளைத்துக்கொண்டே வந்தது. தோல் எல்லாம் போய்க் கோடு விழுந்தபோது கொக்கி சரியாக என் பழைய மெழுகின் அளவில் இருந்தது. அக்கா அதை மூன்று தடவை அல்ல, முப்பது தடவை வளைத்தார். ஒன்றும் ஆகவில்லை. பல் வைத்து முடித்து, தீபத்தன்று மதியம் என் சாப்பாட்டு டப்பாவில் பஞ்சு விரித்து செட்டை அதில் வைத்தோம்.

அன்று ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள். வேங்கிக்காலிலிருந்து நடந்தோம். அக்காவின் கைபேசியும் என் பையில் இருந்தது. கூட்டம் போகப் போக நெருக்கியது. அக்கா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். தேரடி வீதிக்குள் நுழைகிற இடத்தில் ஓர் அலை வந்து தள்ளியது. திரும்பிப் பார்த்தால் என் முந்தானையை முன்பின் தெரியாத ஒரு மாமா பிடித்துக்கொண்டிருந்தார். அக்காவைக் காணோம். டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பந்தலை நோக்கி முண்டியடித்தேன்.

பந்தல் மேடையில் அண்ணன் மைக்குக்குப் பக்கத்தில் வாய்திறவாமல் உட்கார்ந்திருந்தார். ரெக்கார்டு செய்த குரல் ஒன்று, உங்கள் உடைமைகளுக்கு நீங்களே பொறுப்பு என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த பந்தலில் மருத்துவ முகாம், அங்கே எங்கள் டாக்டர் இருந்தார். ஓடி வந்து கையைக் கழுவி, செட்டை அண்ணன் வாயில் வைத்து அழுத்தினார். கிளிக்.

அண்ணன் ரெக்கார்டை நிறுத்தினார். பெஞ்சில் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் வெகு நேரமாக உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவரிடம் குனிந்து ஏதோ கேட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"கீழ்பென்னாத்தூர் சொந்தங்களே, உங்க அப்பா இங்க இருக்காரு. மஞ்சள் துண்டு, காதுல கடுக்கன், மடியில வேர்க்கடல. அவரு தொலையலையாம். நீங்க ஆறு பேருதான் தொலைஞ்சு போயிட்டீங்களாம். ரொம்பக் கோவமா இருக்காரு, சீக்கிரம் வந்து கிடைச்சுடுங்க."

வீதி முழுக்கச் சிரிப்பு பரவியது. கொஞ்ச நேரத்தில் அந்த ஆறு பேரும் ஓடி வந்தார்கள். பெரியவர் அவர்களை ஒவ்வொருவராக எண்ணித் திட்டினார்.

"அண்ணே, அக்காவக் காணோம்" என்றேன்.

"எந்த அக்கா?"

"நம்ம அக்கா!"

அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. நான் அடையாளம் ஒன்றும் சொல்லவில்லை. அவரே ஆரம்பித்துவிட்டார். முதலில் அக்காவின் முழுப் பெயரையும் ஊரையும் மூன்று தடவை சொன்னார். அக்கா தன் பெயரை யார் கூப்பிட்டாலும் கூசிப் போகிற ஆள். அன்று அந்தப் பெயர் அத்தனை ஒலிபெருக்கியிலும் ஒலித்தது. ஆயுசுக்கும் அது போதும் என்று அக்கா பின்னால் சொன்னார். அதனால்தான் இங்கேயும் அந்தப் பெயரை எழுதவில்லை.

"வயசு நாப்பத்தஞ்சு இருக்கும். ஊதாச் சேலை. இடுப்புல சாவிக்கொத்து, அதுல ஒரு ஊசி. பக்கத்துல இருக்கற எதையாச்சும் சுரண்டிப் பாத்துனு இருப்பாங்க. யாரும் பயப்பட வேணாம், ரொம்ப நல்லவங்க. அவங்க உரிச்சுக் குடுத்த பல்லாலதான் நான் இப்ப பேசறேன். பாத்தீங்கன்னா பத்திரமா கூட்டிட்டு வந்துடுங்க."

அதிக நேரம் ஆகவில்லை. விளக்குக் கடைக்காரர் ஒருவர் முன்னே வர, பின்னால் ஒரு கூட்டமே அக்காவை அழைத்து வந்தது. "இவங்கதான் சார்! என் கடையில அஞ்சு விளக்கச் சுரண்டிப் பாத்துட்டாங்க!" என்றார் கடைக்காரர். வழியெல்லாம் பெண்கள் வளையலைக் கழற்றி நீட்டினார்களாம், இதைப் பாருங்கம்மா, அதைப் பாருங்கம்மா என்று. அக்காவின் முகம் சிவந்திருந்தது.

"யாரு தொலைஞ்சது? விளக்குல மூணு பித்தள, ரெண்டு வெறும் பூச்சு. சொல்லிட்டு வரலாம்னு நின்னேன்" என்றார். மேடையில் ஏறி நேராக அண்ணனிடம் போனார். "வாயத் தெறங்க." கொக்கியைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். தலையை அசைத்தார்.

அண்ணன் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அன்னிக்கு ஒடைச்சீங்களே, ராத்திரி பூரா உங்களத் திட்டினேன்மா. மன்னிச்சுக்குங்க."

அக்கா கட்டை விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார். என் பெயரை அவர் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. எங்க லேபோட தப்பு என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் நான் சௌகரியமாக நின்றுகொள்ளலாம். நிற்க முடியவில்லை.

"அண்ணே, அந்தக் கொக்கிய ஒல்லியாச் செஞ்சது நான்தான். தோல உரிக்காமக் குடுத்ததும் நான்தான். உரிச்சாச்சுன்னு டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். அக்காவத் திட்டாதீங்க, என்னத் திட்டுங்க" என்றேன். மைக் அணைக்கப்படாமல் இருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். தேரடி வீதி முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பெரியவர், "சொல்லிட்டா இல்ல, உடுங்கப்பா!" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார். அண்ணன் சிரித்த சிரிப்பில் புதுப் பல் நான்கும் தெரிந்தன. ஒன்றும் கழன்று விழவில்லை.

அக்கா என் கையை இழுத்தார். ஊசியின் மழுங்கிய பின்பக்கத்தால் என் முன்கையில் லேசாக ஒரு கோடு இழுத்தார். கார்த்திகைக் குளிருக்கு வறண்ட தோலில் அது வெள்ளையாகத் தெரிந்தது.

"விழுது" என்றார்.

அதற்குள் பொழுது சாய்ந்து, மலை உச்சியில் சுடர் எழுந்துவிட்டது. ஊரே அரோகரா என்றது. எல்லாவற்றுக்கும் மேலே ஒலிபெருக்கியில் அண்ணனின் அரோகரா ஒரு பிசிறில்லாமல் எழும்பியது. அக்கா இப்போது வேறு ஊரில், உடம்புக்குள் வைக்கும் டைட்டானியம் மூட்டுகளை வார்க்கும் பெரிய தொழிற்சாலை ஒன்றில் தோல் பார்க்கிறார். தீபத்துக்குத் தீபம் போனில் கூப்பிட்டு, அண்ணன் குரல் கேட்கிறதா என்று என்னைப் பந்தல் பக்கம் போய் நிற்கச் சொல்வார். அந்தத் தீபத்தன்று நானும் அண்ணாந்து பார்த்துக் கையைத் தலைக்கு மேல் கூப்பினேன். கையில் அந்தக் கோடு இன்னும் இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் அரோகரா சொன்னதில்லை.